கழித்தலும் கொடுத்தலும்

(நம் சங்கத்தின் பாச்சலூர்க் கிளையார் மார்கழித் திங்களிற் கூட்டிய குடும்பக் கூட்டத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, இலக்கியத்தினின்றும் ஒரு பகுதியை எடுத்துப் பேசலாமென்றே யான் முதலிற் கருதினேன். கூட்டம் போகிப் பண்டிகைக்குச் சின்னாள் முன்னர் நிகழ்வதென்று அறிந்தவுடன் என் கருத்து மாறிற்று. இன்னும் சில நாளில் நம் வீடுகள்தோறும் பரணும் பெட்டியும் திறக்கப்படும். பழம்பாயும், கிழிந்த துணியும், கைப்பிடி போன வாளியும் முற்றத்தில் வந்து குவியும். அவற்றுட் சில எரிக்கப்படும்; சில ஓடையோரத்தில் எறியப்படும்; சில, "யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்னும் சொல்லோடு தோட்டத்து ஆட்களின் கையில் திணிக்கப்படும். முதலிரண்டும் தவறென்று பலரும் கூறக் கேட்டிருக்கின்றோம். மூன்றாவது செயலை மட்டும் அறமென்று எண்ணி அமைதியுறுகின்றோம். அஃது உண்மையில் அறந்தானா என்பதே இன்று யான் உங்கள்முன் வைக்கும் வினா.

முதற்கண் ஒன்று சொல்வேன். பழம்பொருள் என்பது இழிந்த பொருளன்று. நம்முள் ஒவ்வொருவரும் பிறந்தவுடன் முதன்முதல் உடுத்தது எது? கடையில் வாங்கிய புத்தாடையா? அன்று. பாட்டனார் பல்லாண்டு உடுத்துத் துவைத்து மென்மையுற்ற வேட்டியின் துண்டிலேயே நாம் ஏந்தப்பட்டோம். புதுத்துணியின் கஞ்சி பச்சிளங் குழவியின் மேனியை உறுத்தும் என்பதை நம் தாய்மார் அறிந்திருந்தனர். பாட்டியின் சேலை தூளியாயிற்று; தூளி நைந்தபின் ஈரந் துடைக்குந் துணியாயிற்று; அதுவும் கிழிந்தபின் அடுப்படியிற் கரித்துணியாயிற்று. வேட்டியின் கடைசிக் கிழிசல் விளக்குக்குத் திரியாகி ஒளி தந்தே மறைந்தது. ஒரு துணியின் வாழ்நாள் அவ்வளவு நீண்டது, அவ்வளவு மதிப்புடையது.

துணி மட்டுமன்று. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரும், பழந்துணிக்கு எவர்சில்வர்ப் பாத்திரம் கொடுப்பவரும், பித்தளைக்கு ஈயம் பூசுபவரும், குடை செப்பனிடுபவரும், கத்திக்குச் சாணை பிடிப்பவரும் கீழேயுள்ள ஊர்களிலிருந்து மலையேறி வந்து தெருத்தெருவாய்க் கூவிச் சென்றதை நம்மிற் பெரியோர் மறந்திரார். நாட்டின் வடபால் பானிப்பட்டு என்னும் ஊரில், பல நாடுகளிலிருந்து வரும் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்யும் தொழில் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றது. பேரிடர்க் காலங்களில் வழங்கப்படும் மலிவான போர்வைகளிற் பல அவ்வூரினவே. ஆகவே, ஒருவர்க்குப் பயன் முடிந்த பொருள் மற்றொருவர்க்குப் பயன் தொடங்கும் பொருளாதல் கூடும் என்பது வெள்ளிடைமலை.

இக்காலத்தில் இவ்வழக்கம் தளர்ந்தது ஏன்? பொருள்கள் மலிந்தன என்பது ஒரு காரணம். பொருள்களின் இயல்பே மாறிற்று என்பது மற்றொன்று. பாலியெஸ்டர்ச் சேலை தூளிக்கு ஆகாது. நீரை உறிஞ்சாதாகலின் கரித்துணிக்கும் ஆகாது. திரிக்கோ சிறிதும் ஆகாது. பிளாஸ்டிக் வாளி உடைந்தால் அதனை அடைத்துக்கொடுப்பார் அரியர். எனவே, எரித்தல் ஒன்றே எளிதென்று தோன்றுகின்றது. எரித்தலின் பயனையும் கண்டோம். 2018ஆம் ஆண்டுப் போகியன்று விடியற்காலையிற் புகையும் பனியும் கலந்து மூடியதால் சென்னையில் விமானப் போக்குவரவே தடைப்பட்டது. நம் மலையிலோ, ஓடையோரத்தில் எறியும் நெகிழிப் பையை யானையும் காட்டெருமையும் தின்கின்றன. எரித்தலும் எறிதலும் தீது, கொடுத்தலே நன்று. இதுவரையில் நம்முள் கருத்து வேற்றுமை இல்லை.

நிற்க. கொடுத்தல் எல்லாம் கொடுத்தலாகுமா? இதனை எனக்குக் கற்பித்தது யாதொரு நூலுமன்று, ஒரு கடற்கரையே. அக்கதையைச் சொல்ல எனக்கு நாணமாயினும் சொல்லுதல் கடமையென்று கருதுகின்றேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்திராத் தீவுக்கருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நம் கீழைக் கடற்கரையைத் தாக்கியது. சுனாமி என்னும் சொல்லை நம்மவர் பெரும்பாலோர் அன்றுதான் முதன்முறை கேட்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் துயருறாத வீடு அரிதாயிற்று. அச்செய்தி கேட்டுத் தமிழகமே கலங்கியது. கையில் உள்ளதைக் கொடுத்து உதவவேண்டுமென்னும் எண்ணம் மூலைமுடுக்குகளிலெல்லாம் எழுந்தது.

யான் அப்போது தமிழ்ப் பண்டிதப் பயிற்சி மாணவன். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். நம் மலையூர் இளைஞர் சிலர் கூடி, வீடுவீடாகச் சென்று துணி திரட்டினோம். கேட்டவிடமெல்லாம் கொடுத்தனர், மூன்றே நாளில் ஒரு லாரி நிறைந்தது. எம் வீட்டிலிருந்தும் ஒரு மூட்டை சென்றது. அதனைக் கட்டியவன் யானே. என்ன வைத்துக் கட்டினேன் என்பதைக் கேளுங்கள்: கொக்கியற்ற இரவிக்கைகள், முழங்காலிற் கிழிந்த காற்சட்டைகள், காப்பிப்பழம் பறிக்கும்போது மேலே சுற்றிக்கொள்வதற்கென்று என் அன்னையார் ஒதுக்கி வைத்திருந்த, கறை படிந்த சேலை ஒன்று. பெட்டியில் இடம் அடைத்துக்கொண்டிருந்தது நீங்கிற்று. புண்ணியமும் சேர்ந்தது என்று மகிழ்ந்தேன்.

ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், திருச்சி, தஞ்சை, திருவாரூர் வழியாக இரவெல்லாம் சென்று நாகப்பட்டினம் அடைந்தோம். அங்கே யான் கண்ட காட்சி இன்றும் கண்ணைவிட்டு அகலவில்லை. சாலையின் இருமருங்கும் துணிக் குவியல்கள்! எமக்கு முன்னர் வந்த வண்டிகள் கொட்டிச் சென்றவை. மக்கள் அவற்றை மிதித்துக்கொண்டு நடந்தனர். குளிர்நாட்டு மேலங்கிகளும், ஒற்றைச் செருப்புகளும், அழுக்கு நீங்காத படுக்கை விரிப்புகளும் அங்கே கிடந்தன. எடுப்பார் இல்லை. உயிர் பிழைத்தோர்க்கு உதவ வந்த ஊழியர், அக்குவியல்களை அகற்றுவதற்கே தம் நேரத்தைச் செலவிட வேண்டியதாயிற்று. கொடை ஒரு சுமையாகி நிற்றலை அன்று கண்டேன்.

நாங்கள் கொணர்ந்த மூட்டைகளை ஒரு முகாமின் வாயிலில் அவிழ்த்தோம். அருகே ஒரு மீனவ அம்மையார் நின்றுகொண்டிருந்தார். அவர் குனிந்து ஒரு சேலையை எடுத்து விரித்தார். அஃது எம் வீட்டுச் சேலையே. அதன் கறையைச் சிறிது நேரம் நோக்கினார். பின்னர், சினமின்றி, மெல்லிய குரலில், "தம்பி, இதை உங்கள் வீட்டுப் பெண்கள் கட்டுவார்களா?" என்று வினவினார். யான் விடை கூறவில்லை. கூற என்னிடம் விடை இல்லை. அவர் அதனை எறிந்துவிடவில்லை. நான்காக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "சோறு பொங்க ஒரு பானை இருந்தால் கொடு" என்றார். எம் லாரியில் ஒரு பானையும் இல்லை. யாது வேண்டுமென்று நாங்கள் யாரையும் கேட்டுவரவில்லை.

அன்பர்களே! அவ்வம்மையார் முதல்நாள்வரையில் யாரிடமும் கையேந்தியவர் அல்லர். கடலில் உழைத்து உண்டு, நல்ல சேலை உடுத்து, தலைநிமிர்ந்து வாழ்ந்தவர். வீடும் படகும் போனபோதும் அவரிடம் எஞ்சியிருந்தது ஒன்று உண்டு. அதனையே யான் கொண்டுசென்ற மூட்டை தொட்டுவிட்டது.

ஊர் திரும்பியபின், விடுமுறை கழிந்து வகுப்புக்குச் சென்றேன். அப்பருவத்திற் பாடமாக இருந்தது தொல்காப்பியச் சொல்லதிகாரம். அதன் எச்சவியலில், ஒருவர் மற்றொருவரிடம் ஒரு பொருளை வேண்டும்போது வழங்குஞ் சொற்கள் மூன்று என்று ஆசிரியர் வகுத்திருக்கின்றார். ஈ என்பது ஒன்று. தா என்பது ஒன்று. கொடு என்பது ஒன்று. கேட்கப்படுவோனினும் தாழ்ந்து நிற்பவன் ஈ என்பான். ஒத்தவன் தா என்பான். உயர்ந்தவன் கொடு என்பான். பொருள் ஒன்றே, கை மாறுவதும் ஒன்றே, ஆயினும் வேண்டுவோன் எந்நிலையில் நிற்கின்றான் என்பதைக் கொண்டு மொழியே மூவகையாகப் பிரிந்துவிடுகின்றது. இதனை யான் முன்னரும் மனப்பாடமாக ஒப்பித்திருக்கின்றேன். பொருள் விளங்கியது அவ்வாண்டில்தான். அவ்வம்மையார் தம் வாழ்நாளெல்லாம் தா என்றும் கொடு என்றும் வழங்கியவர். அவரை ஈ என்று சொல்லும் நிலைக்குத் தள்ளுவதாக இருந்தது என் மூட்டை. அவரோ அதற்கு உடன்படாமல், "ஒரு பானை கொடு" என்றே கேட்டார்.

யான் கூறவந்த பொருளின் உயிர் இதுவே. நமக்கு வேண்டாத ஒன்றை மற்றொருவர் கைக்கு மாற்றும்போது, அவர் 'தா' என்று கேட்டுப் பெறத்தக்கதாக அஃது இருப்பின் அது கொடை. 'ஈ' என்று இரந்தாலன்றி ஒருவரும் தொடார் என்னும் நிலையில் இருப்பின் அது கழிவு. கழிவைக் கொடை என்று பெயரிட்டு அழைப்பதால் அது கொடையாகிவிடாது.

நாகப்பட்டினத்து நிகழ்ச்சி அதனோடு முடிந்ததுமன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், உடுக்கத்தகாத பழந்துணிகள் வந்து தெருவிற் குவிந்தன. ஆயினும், அக்கடற்கரைக் குவியலிலிருந்தே ஒரு நல்வழியும் பிறந்தது. டில்லியில் அன்ஷு குப்தா என்பார் 1999ஆம் ஆண்டில் தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பினர், சுனாமிக்குப்பின் தமிழ்நாட்டிற் பயனின்றித் தேங்கிக் கிடந்த துணிகளை ஏற்று, அவற்றைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் பணியில் ஈடுபட்டனர். உடுக்கத்தக்கவற்றைச் செப்பனிட்டனர். உடுக்கத்தகாத பருத்தித் துணியைத் தூய்மை செய்து, ஏழைப் பெண்டிர்க்கு மாதவிலக்குக் காலத்தில் உதவும் துணியாக ஆக்குதலும் அவ்வமைப்பின் பெரும்பணியாயிற்று. அவர்களுடைய மற்றொரு முறை இன்னும் சிறந்தது. ஊர்மக்கள் தம் ஊருக்கு வேண்டிய கிணற்றையோ பாதையையோ தாமே கூடிச் செப்பனிடுகின்றனர். அவ்வுழைப்புக்கு மதிப்பாகத் துணி பெறுகின்றனர். பெறுவோர் இரந்து பெறவில்லை, உழைத்துப் பெற்றனர். 2015ஆம் ஆண்டில் அன்ஷு குப்தாவுக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது.

இனி நம் மலைக்கு வருவோம். கொடை என்றவுடன் இம்மலைக்குரிய ஒரு பெயர் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். பழனிமலை நாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயில் குளிரால் வருந்துகின்றதென்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். அவன் அளித்தது நைந்து கழித்த போர்வையன்று. தன் தோளிற் கிடந்த போர்வை. அதனாலேயே இத்தனை நூற்றாண்டு கடந்தும் அவன் பெயர் நிற்கின்றது. ஆயினும், மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அதனைப் புலவர் கொடைமடம் என்று சொல்லிப் போற்றினர். மன்னனுக்கு அது புகழாகலாம். நாமோ பேகனுடைய நெஞ்சைப் பெறுவோம். அதனோடு, கேட்டறிந்து கொடுக்கும் அறிவையும் சேர்த்துக்கொள்வோம்.

இவ்விடத்தில் நம்மவரைப்பற்றியும் ஒரு சொல் கூறுவேன், பெரியோர் பொறுத்தருள்க. தோட்டமும் நிலமும் உடைய குடும்பங்கள் ஆட்களுக்குப் பழைய வேட்டியும் பழைய சேலையும் கொடுப்பதை முன்னோர் வழக்கமாகக் கொண்டிருந்தனர். அதனை அன்பென்றே நாம் கருதி வந்தோம். அவ்வன்பில் ஒரு கணக்கும் கலந்திருந்தது. "துணி கொடுத்தோமே, சோறு போட்டோமே" என்னும் சொல், கூலி உயர்த்திக் கேட்கும் நாளிற் பலர் வாயிலிருந்து வெளிவந்தது. கொடுத்த பழந்துணி, பெற்றவன் தோளில் ஓர் அடையாளமாகக் கிடந்தது. அவன் இன்னார் வீட்டு ஆள் என்பதற்கு அடையாளம். இக்காலத்திலும் மலைக்கு வரும் பயணிகள் சிலர், பளியர் குடியிருப்புக்களின் அருகே வண்டியை நிறுத்தி, பழந்துணிப் பையை இறக்கிவைத்துவிட்டு, நிழற்படமும் எடுத்துக்கொண்டு செல்லுகின்றனர். யான் அக்குடியிருப்புத் தாய்மார் சிலரை ஒருநாள், "உங்களுக்கு யாது வேண்டும்?" என்று கேட்டேன். சேலை வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை. தார்ப்பாய், மூடியோடு கூடிய பாத்திரம், கனத்த கம்பளி என்றே சொன்னார்கள். கேட்டிராவிடில் யானும் சேலையே கொண்டு சென்றிருப்பேன்.

கழிவைக் கொடையாகக் கருதும் பிழை வீட்டளவில் மட்டும் நிகழ்வதன்று, நாட்டளவிலும் நிகழ்வதே. நம் கோடைக்கானலே அதற்குச் சான்று. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1983ஆம் ஆண்டளவில் அங்கிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டுக் கோடைக்கானலில் நிறுவப்பட்டது. பிற்பாடு அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. வேலை வந்ததென்று மக்கள் மகிழ்ந்தனர். 2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஏழு டன்னுக்கு மேல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழம்பொருட் கிடங்கிற் கிடந்தது வெளிப்பட்டது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர், ஆலை மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேர் பொருட்டு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டதோ 2016ஆம் ஆண்டில்தான். ஓரிடத்திற் கழிக்கப்பட்டது மற்றோரிடத்திற் செல்வமாக வந்திறங்கும்போது, அதனுள் யாது இருக்கின்றதென்று பார்த்தல் வேண்டும் என்பதை அது நமக்குக் கற்பித்தது. அந்நிகழ்ச்சியிற் பெற்றவர் நாம். பெறுவோனுடைய துன்பம் இன்னதென்று அறிந்த நாமே, கொடுப்போனாகும்போது அதனை மறந்துவிடுதல் தகுமா?

இது நிற்க. நன்முறையிற் கொடுத்தற்கும் பெறுதற்கும் வழிகள் இல்லாமற் போகவில்லை. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் பாதிரியார் குட்வில் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். செல்வர் வீடுகளிற் பழம்பொருள் திரட்டி, அவற்றை ஏழைமக்களைக் கொண்டே செப்பனிடுவித்துக் கூலி கொடுத்து, பொருளைச் சிறுவிலைக்கு விற்றார். சிறுவிலை என்பது எத்துணைப் பெரிய மருந்து! விலை கொடுத்து வாங்குவோன் புரட்டிப் பார்ப்பான்; வேண்டாததை வேண்டாமென்பான்; வாங்கியதைத் தன் பொருள் என்பான். கோடைக்கானலிலும் கார்சாக் என்னும் சமூகப்பணி அமைப்பினர் ஒரு நிலையம் வைத்து, ஆடை விற்றும் நூல்களை வாடகைக்குக் கொடுத்தும், வந்த பணத்தை எளிய குழந்தைகளின் பொருட்டுச் செலவிட்டனர்.

ஈரான் நாட்டின் மஷாத் நகரில் 2015ஆம் ஆண்டில், ஒருவர் ஒரு சுவரில் ஆணிகளை அடித்து, வேண்டாதோர் துணியை மாட்டிச் செல்க, வேண்டுவோர் எடுத்துச் செல்க என்று எழுதிவைத்தார். அவ்வழக்கம் பல நாடுகளிற் பரவிற்று. 2017ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியரின் முயற்சியாற் பாளையங்கோட்டையிலும் அன்புச் சுவர் என்னும் பெயரால் ஒன்று தோன்றியது. அவ்வாண்டிலேயே சென்னைப் பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரையை அடுத்த பகுதியில், பல் மருத்துவராகிய ஓர் அம்மையார் ஔவையார் வாக்கொன்றையே பெயராகச் சூட்டி, தெருவோரத்தில் ஒரு பொதுக் குளிர்ப்பெட்டியை நிறுவினார். மிகுந்த உணவை அதில் வைக்கலாம், பசித்தவர் எடுத்துக்கொள்ளலாம். அருகே ஆடை, நூல், காலணி, விளையாட்டுப் பொருள்கள் வைப்பதற்கும் இடம் அமைத்தார். இவற்றின் சிறப்பு யாது? வைத்தவர் முகம் எடுப்பவர்க்குத் தெரியாது. எடுப்பவர் முகம் வைத்தவர்க்குத் தெரியாது. ஆகவே, 'ஈ' என்னும் சொல்லுக்கே அங்கு இடமில்லை.

கடற்கரையிற் கற்ற பாடத்தை நம் மலையூரார் ஒருமுறை செயலிலும் காட்டினர். 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்து, மேற்கே நம் மலைவரையிலும் வந்து மரங்களைச் சாய்த்தது. நமக்கே துன்பம், ஆயினும் டெல்டாவின் துன்பம் பெரிது. இம்முறை துணி திரட்டுமுன் அவ்வூர்களுக்குத் தொலைபேசியிற் பேசிக் கேட்டோம். கூரை போயிற்று, தார்ப்பாய் வேண்டும். மின்கம்பங்கள் வீழ்ந்தன, மெழுகுவத்தி வேண்டும். குடிநீர் வேண்டும் என்றனர். அவற்றையே கொண்டு சென்றோம். வண்டி சிறிது, ஆயினும் ஒரு பொருளும் சாலையிற் கிடக்கவில்லை. யான் பதினான்கு ஆண்டாகச் சுமந்த பாரத்தில் ஒரு பகுதி அன்று இறங்கியது.

இனி, இச்சங்கத்தார்முன் என் விண்ணப்பம். வரும் போகிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையன்று, நம் கட்டடத்தின் முன்கூடத்தில் நீண்ட பலகைகள் இட்டு, ஒரு பொருட்பரிமாற்ற நாள் நடத்துவோம். அதற்குச் சில விதிகள் வேண்டும்.

முதலாவது: துணியாயின் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொணர்க. பாத்திரமாயின் துலக்கிக் கொணர்க. மின்கருவியாயின் ஓடுமா என்று பார்த்துக் கொணர்க. உங்கள் உடன்பிறந்தார் வீட்டுக்கு அனுப்ப நாணும் பொருளை இங்கும் கொணரற்க.

இரண்டாவது: யாது வேண்டுமென்று முன்னரே கேட்டறிதல். நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் சீருடையும் அரசினர் கொடுக்கின்றனர், அவை வேண்டா. அகராதியும், போட்டித் தேர்வுக்குரிய நூல்களும் வேண்டும். எழுதாத தாள்கள் எஞ்சிய பழைய நோட்டுக்களைக் கொடுத்தால், அத்தாள்களைப் பிரித்துத் தைத்துக் குறிப்பேடு ஆக்கிக்கொள்ள எம் மாணவர்க்குக் கற்பிப்பேன். குடை, மழைச்சட்டை, கம்பளி, தார்ப்பாய் இவை நம் மலையில் என்றும் வேண்டப்படுவன.

மூன்றாவது: கொடுக்கத்தகாதவை சில உள. நாள் கடந்த மருந்து, எரிந்துபோன குழல்விளக்கு, வீங்கிய பேட்டரி இவற்றை ஒருவர்க்கும் கொடுத்தலாகாது, எரித்தலும் ஆகாது. குழல்விளக்கினுள்ளும் சிறிது பாதரசம் உண்டு. இவற்றைத் தனியே சேர்த்து, முறைப்படி ஏற்கும் இடத்துக்கு அனுப்புதலைச் சங்கமே மேற்கொள்ளல் வேண்டும். கிழிந்த பருத்தித் துணியைத் தனி மூட்டையாகக் கட்டினால், பட்டறைகளில் எண்ணெய் துடைக்கக் கொள்வார் உளர்.

நான்காவது: கூடம் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். நம் குலத்தார், பிற குலத்தார், தோட்டத் தொழிலாளர், பளியர் என்னும் வேறுபாடு பலகைக்கு இல்லை. வருவோர் தாமே பார்த்துத் தாமே எடுத்துக்கொள்க. இவர்க்கு இதுவென்று நாம் எடுத்து நீட்டுதல் கூடாது. நிழற்படம் எடுத்தல் அறவே கூடாது. பளியர் தேனோ துடைப்பமோ கொண்டுவந்து வைப்பின் அதனையும் அதே பலகையில் வைப்போம்.

ஐந்தாவது விதியே அரியது, அதுவே தலையாயது. கொடுப்போரும் எடுக்கவேண்டும். நம் குடும்பம் ஒவ்வொன்றும் அப்பலகையிலிருந்து ஒரு பொருளையேனும் தமக்கென எடுத்துச் செல்லவேண்டும். "பிறர் உடுத்ததை நாம் எடுப்பதா?" என்று உங்களிற் சிலர் உள்ளம் இப்போதே சுருங்குவதை உங்கள் முகத்திற் காண்கின்றேன். அச்சுருக்கத்தையே யான் உங்களுக்குக் காட்ட விரும்புகின்றேன். நாம் எடுக்க நாணும் பலகையிலிருந்து மற்றவர் நாணாமல் எடுக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது யாங்ஙனம்? நாம் மட்டும் வைத்து அவர்கள் மட்டும் எடுத்தால், அது பழைய பண்ணை வழக்கமே. நாமும் வைத்து நாமும் எடுத்து, அவர்களும் வைத்து அவர்களும் எடுத்தால், அங்கே 'தா' என்னும் ஒரு சொல்லே வழங்கும். பிறந்த நாளிற் பழந்துணியில் ஏந்தப்பட்ட நமக்கு இதில் நாணம் எதற்கு?

பிறர்க்குக் கூறியதை யான் முதலிற் செய்தல் முறை. அன்று காலையில் என்னிடம் உள்ள நல்ல கம்பளி இரண்டனுள் ஒன்றையும், படித்து முடித்த நூல்கள் சிலவற்றையும் துடைத்துக் கொணர்வேன். என் மகனுக்கு மழைக்காலத்துக்கு ஒரு குடை வேண்டும். புதியது வாங்க எனக்கு வகை உண்டு, எனினும் வாங்கேன். அப்பலகையில் ஒரு குடை வருமாயின், அது யார் வீட்டுக் குடையாயினும், கூட்டத்தார் அனைவருங் காண, அவன் கையாலேயே எடுக்கச் செய்வேன்.

நாகப்பட்டினத்து அம்மையார் கேட்ட வினாவுக்கு இருபதாண்டு கடந்தும் யான் விடை சொல்லவில்லை. "ஆம் அம்மா, எங்கள் வீட்டுப் பெண்கள் இதைக் கட்டுவார்கள்" என்று சொல்லத்தக்க பொருளையே இனி நம் கை கொடுக்குமாக. அதுவே அவர்க்கு நாம் கூறும் விடை.